மூன்றாம் ஓலை

அத்தியாயம் 11

"தடைன்னு ஒண்ணு தெரிஞ்சா சாமியார்கிட்ட சொல்லணும். சொல்லாம மறைச்சா பாவம். நான் போறேன்" என்று குழந்தைராஜ் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியபோது மணி ஆறே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு மாதா கோயிலில் பூசை.

விண்ணரசி தோசைக் கரண்டியோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க தடை? நம்ம பொண்ணு ஏற்கெனவே எவனையாவது கட்டிக்கிட்டு ஒளிஞ்சிருக்காளா?"

"உடம்புல வியாதி இருக்கு. சிவப்பு எழுத்துல போட்டிருக்கு."

"போட்டது யாரு? மெஷினு!"

"மெஷின் பொய் சொல்லுமா? ரெண்டு வாரமா கோயில்ல சாமியார் வாசிக்கிறதைக் காதால கேட்டுட்டேன். தடை தெரிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னு வாசிக்கிறாரு. கடமைன்னா கடமைதான்."

பாசன வாய்க்காலில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலையில் முப்பது வருடம். மேலே இருந்து உத்தரவு வராமல் ஓர் அங்குலம் ஏற்றாத மனிதர். ஊரே கைகூப்பி நின்றாலும் ரிஜிஸ்டரைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவருடைய கையில் நேற்றுச் சாயங்காலம் ஒரு ரிப்போர்ட் வந்து சேர்ந்ததுதான் இந்த வீட்டுக்குப் பிடித்த சனி.

ரிப்போர்ட் வந்த கதை விண்ணரசியோடு தொடங்குகிறது. மறுக்க முடியாது. "கல்யாணப் பெண்களுக்கு முழு உடல் பரிசோதனை, எண்பத்துநாலு டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்" என்று போனில் ஒரு தேன்குரல் கேட்டது. இவள் மயங்கினாள். பெண்ணுக்குக் காய்ச்சலில்லை, வலியில்லை, எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'எடுத்து வச்சுக்கிட்டா நல்லதுதானே' என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்தான், ஊசி குத்தி ரத்தம் எடுத்தான், போனான். சனிக்கிழமை எண்பது கறுப்பு வரிகளும் நான்கு சிவப்பு வரிகளும் போனில் வந்து விழுந்தன. குழந்தைராஜ் கடைவீதிக்குப் போய் இரண்டு பிரிண்ட் எடுத்துவந்தார்.

சிவப்பில் மூன்று, தைராய்டு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தமாம். குழந்தைராஜ் அந்தப் பெயரை நெட்டில் தட்டினார். கண் பிதுங்கும் என்றது. இதயம் படபடக்கும் என்றது. பிள்ளை தங்குவது கஷ்டம் என்றது. அதோடு அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மகள் ஜாய்ஸுக்கும் நாகப்பட்டினம் டேவிட்சனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் சொல்லி அறிவிப்பது வழக்கம். இன்று மூன்றாவது. இரண்டு வாசித்து மூன்றாவது வாசிக்காமல் நின்றால், ஊர் தானாக ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் காரணத்தைப் பிறகு எந்த டாக்டராலும் குணப்படுத்த முடியாது.

"வழி விடு, விண்ணா."

"விட மாட்டேன்."

அவர் சண்டை போடவில்லை. சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கொல்லைப்பக்கமாக இறங்கிப் போய்விட்டார்.

கரண்டியோடு அவள் திகைத்து நிற்க, ஜாய்ஸ் ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். மன்னார்குடியில் கணக்கு டீச்சர். இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்று இமை காட்டிக்கொடுத்தது. குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

"ஏறும்மா வண்டியில."

"கோயிலுக்கா? அப்பாவை முந்திடலாமா?"

"டாக்டர்கிட்ட. எண்பத்துநாலு டெஸ்ட் எடுத்தோமே, ஒரு டாக்டரைப் பார்த்தோமா? அந்தப் பேப்பருக்கு என்ன அர்த்தம்னு நெட்டைக் கேட்டோம், அப்பாவைக் கேட்டோம், பக்கத்து வீட்டு மதுரம் டீச்சரைக் கேட்டோம். படிச்சவங்களைக் கேட்கவே இல்லையே!"

விண்ணரசிக்குச் சுருக்கென்றது. மதுரம் டீச்சர் கொடுத்த தைராய்டு மாத்திரை அட்டை அவள் கைப்பையில்தான் இருந்தது. 'எனக்கும் தைராய்டுதான், இதையே காலையில வெறும் வயித்துல குடு' என்று அன்போடு கொடுத்தது. தோசைக்கு முன்னால் கொடுக்கலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தாள்.

அடுப்பை அணைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஓட்டுடி!"

சம்பா அறுவடை நேரம். ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்தது. எதிரே அறுவடை மெஷின் ஒன்று ரோட்டையே சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்தது. ஜாய்ஸ் நெல்லுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஸ்கூட்டரை நுழைத்தபோது விண்ணரசி கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தால் நீடாமங்கலம். ரயில்வே கேட் திறந்தே கிடந்தது. அவள் வாழ்நாளில் அப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்ததில்லை.

டாக்டர் ஷிஃபா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு மணிக்கே வீட்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். பத்து மணிக்கெல்லாம் பூட்டிக்கொண்டு அதிராம்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். டோக்கன் கொடுக்கும் ஹபீப் முகம்மது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டை நீட்டினார்.

"பதினொண்ணு. இப்பதான் ரெண்டு உள்ள போயிருக்கு."

விண்ணரசி கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது. பதினோராவது டோக்கன் வருவதற்குள் பூசை முடிந்து ஊர் கலைந்துவிடும். அவளுக்கு வெட்கம் மானம் எல்லாம் பறந்துபோனது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அம்மா! இது கல்யாணப் பொண்ணு. எட்டே முக்காலுக்குக் கோயில்ல மூணாவது ஓலை. டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாசிப்பாங்க. யாராவது டோக்கனை மாத்திக்கிறீங்களா?"

"அம்மா!" என்று ஜாய்ஸ் ஹெல்மெட்டுக்குள்ளேயே முகத்தை மறைத்தாள்.

மூன்றாம் நம்பரை வைத்திருந்த நடராசன் என்ற பெரிய மீசைக்காரர் இருமிக்கொண்டே எழுந்தார். "போம்மா. என் இருமல் எங்கேயும் ஓடிப்போகாது. கல்யாணம் ஓடிடும்."

உள்ளே ஷிஃபா ரிப்போர்ட்டை வாங்கி மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பார்க்கவே இல்லை. விண்ணரசி அதைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினாள்.

"டாக்டரம்மா, அதுலதான் எல்லாம்..."

"இருக்கட்டும் அக்கா. முதல்ல பொண்ணைப் பார்ப்போம், அப்புறம் பேப்பரை." ஜாய்ஸ் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லை டாக்டர்."

"அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

ஜாய்ஸ் அம்மாவைக் கைகாட்டினாள்.

ஷிஃபா கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை குறைந்ததா? தூக்கம் வருகிறதா? கை வியர்க்கிறதா? மாதவிலக்கு ஒழுங்கா? மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் விழுங்கச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

தாள் ஆடவில்லை. ஆடினால் தன் உயிரே போய்விடும் என்பதுபோல விண்ணரசி அதையே பார்த்தாள். ஆடவே இல்லை.

இப்போதுதான் ஷிஃபா ரிப்போர்ட்டைத் திருப்பினார். புருவம் உயர்ந்தது.

"பேப்பர்ல இருக்கிற தைராய்டு நிஜமா இருந்தா, இந்தப் பொண்ணு இளைச்சிருக்கணும். நெஞ்சு தடதடன்னு அடிக்கணும். கை நடுங்கணும். இவளுக்கு நாடி எழுபத்தாறு. பேப்பர் ஒண்ணு சொல்லுது, உடம்பு இன்னொண்ணு சொல்லுது. என்ன மாத்திரை சாப்பிடுற?"

"எந்த மாத்திரையும் இல்லை டாக்டர்."

"வைட்டமின்? தோலுக்கு? முடிக்கு?"

ஜாய்ஸ் தலையைக் குனிந்தாள். "அது மாத்திரை இல்லை டாக்டர். முடிக்கு. மிட்டாய் மாதிரி இருக்கும். ஆன்லைன்ல வாங்கினேன். தினம் ரெண்டு" என்றாள்.

"பயோட்டின்தானே?"

"ஆமா."

ஷிஃபா மேசையைத் தட்டிச் சிரித்தார். விண்ணரசி திடுக்கிட்டாள்.

"இதைத்தான் நான் முதல்லயே கேட்டிருப்பேன் அக்கா, டெஸ்டுக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா! முடிக்கு விக்கிற இந்த பயோட்டின் ரத்தத்துல நிறைய இருந்தா, சில லேப் மெஷினுக்குத் தைராய்டு கணக்கு தப்பாப் போயிடும். வியாதி இல்லாதவங்களுக்கு வியாதின்னு காட்டும். ரத்தம் எடுத்த பையன் கேட்டானா?"

"பேரு, வயசு கேட்டான்."

"அவ்வளவுதான் அவன் வேலை. என்ன டெஸ்ட் வேணும், எது வேண்டாம், எதை நிறுத்திட்டு எடுக்கணும்னு சொல்றது என் வேலை. இன்னொண்ணு. நல்லா இருக்கிற ஆளுகிட்டயே எண்பத்துநாலு டெஸ்ட் எடுத்தா மூணு நாலு கோட்டுக்கு வெளியே நிக்கும். இதோ வைட்டமின் டி கொஞ்சம் கம்மியாம். உங்க தெருவுல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்போ வியாதி இல்லைதானே?"

"சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மிட்டாயை இன்னிக்கே நிறுத்தணும். புதன்கிழமை காலையில ரத்தம் எடுப்போம். எண்பத்துநாலு வேண்டாம், தைராய்டு மட்டும். எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்கு. அப்படியே தைராய்டுன்னு வந்தாலும் மருந்து இருக்கு, கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம். இதெல்லாம் ஒரு தடையா?"

விண்ணரசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப்போய் மாத்திரை அட்டை வெளியே விழுந்தது. ஷிஃபா எடுத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதைக் குடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க. குடுக்கலாம்னு..."

"இது தைராய்டு கம்மியா இருக்கிறவங்களுக்கு. உங்க ரிப்போர்ட் சொல்றது அதிகம்னு. நேர் எதிர் மருந்து அக்கா. நெஞ்சுத் துடிப்பு எகிறியிருக்கும்." அட்டையை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "ஓடுங்க, ஓலைக்கு நேரமாச்சு!"

எட்டு ஐந்து. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. போகும்போது வரம் கொடுத்தது, வரும்போது வட்டியோடு வாங்கிக்கொண்டது. கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, நின்று, யோசித்து, பின்னால் நகர்ந்தது. இருபுறமும் பஸ்ஸும் லாரியும் டிராக்டருமாக அடைத்து நின்றன.

காத்திருந்தபோது விண்ணரசி கேட்டாள். "ஏண்டி என்கிட்ட சொல்லலை, முடிக்கு வாங்கித் திங்கிறேன்னு?"

ஜாய்ஸ் முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நிச்சயத்தன்னிக்கு டேவிட்சன் அம்மா சொன்னாங்கல்ல, பொண்ணு லட்சணமா இருக்கா, முடிதான் எலிவாலுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே."

"சம்பந்தியாச்சேன்னு சிரிச்சேன்டி."

"எனக்குத் தெரியும்மா. ஆனா நீ சிரிச்சதுதான் எனக்கு வலிச்சுது."

விண்ணரசிக்கு அவமானமாக இருந்தது. பெண்ணின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "தப்புதான்டி" என்றாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் ஜாய்ஸின் முகம் கோணிக்கொண்டு அழுதது, உடனே சிரித்தது.

கேட்டைத் தூக்கினார்கள். எட்டு முப்பத்தைந்து. அதற்குப் பிறகு ஜாய்ஸ் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்லக் கூடாது. நெல் காயப் போட்டவர்கள் திட்டினார்கள். விண்ணரசி ஒவ்வொரு திட்டுக்கும் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கோயில் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது நற்கருணை வாங்க வரிசை நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் குழந்தைராஜ், முதுகு வளைந்து, கையில் அந்த ரிப்போர்ட்டின் பிரிண்ட். சாமியாரிடம் சொல்லிவிட்டார் என்று அந்த முதுகே சொன்னது.

நற்கருணை முடிந்ததும் அறிவிப்பு. அறிவிப்பில்தான் ஓலை. ஃபாதர் சூசைமாணிக்கத்திடம் பேசுவதற்கு நடுவில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பூசை நடுவில் சாமியாரிடம் யாரும் பேச மாட்டார்கள். அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து யாரும் பேசியதில்லை.

விண்ணரசி முக்காட்டை இழுத்துவிட்டு வரிசையில் நின்றாள். முன்னால் ஏழு பேர். ஐந்து பேர். இரண்டு பேர்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார் ஃபாதர்.

"ஆமென். டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டோம் சாமி, மெஷின்தான் தப்பாம், ஓலையை நிறுத்திடாதீங்க" என்றாள் விண்ணரசி ஒரே மூச்சில்.

ஃபாதரின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் நின்ற பெண் 'சேசுவே' என்றாள். ஃபாதர் விண்ணரசியை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா வேறெதுவுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. நற்கருணை அப்பத்தை நாவில் வைத்தார். அடுத்த ஆளைப் பார்த்தார்.

அவள் இடத்துக்கு வந்து முழங்காலில் விழுந்தாள். ஜாய்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் நடுங்கின. தைராய்டு இல்லாமலேயே.

அறிவிப்புகள் தொடங்கின. மரியாயின் சேனைக் கூட்டம் நாலு மணிக்கு. புது நெல் காணிக்கையை மூட்டையாகத்தான் தர வேண்டும், சாக்கில் பெயர் எழுத வேண்டும். தேர் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. விண்ணரசிக்கு அந்தச் சாவிக்காரனைக் கொலை செய்யலாம் போலிருந்தது.

ஃபாதர் ஒரு தாளை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"மூன்றாம் முறையாக. நமது பங்கைச் சேர்ந்த குழந்தைராஜ், விண்ணரசி ஆகியோரின் மகள் ஜாய்ஸ்..."

மிச்சம் விண்ணரசியின் காதில் விழவில்லை. உடம்பெல்லாம் மணி அடித்தது. பக்கத்துப் பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். ஜாய்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"...தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

முதல் பெஞ்சில் குழந்தைராஜ் எழுந்தார்.

கோயில் மொத்தமும் அவரைப் பார்த்தது. அவர் வாய் திறந்தது. கடமை! விண்ணரசி பெண்கள் பக்கத்திலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் தேவையிருக்காது. குழந்தைராஜ் வாயை மூடிக்கொண்டு, தோளில் துண்டைச் சரிசெய்வதற்காகவே எழுந்தவர்போல அதைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

பூசை முடிந்து வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தாள். நாடி எழுபத்தாறு, ஆடாத தாள், முடி மிட்டாய், புதன்கிழமை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். குழந்தைராஜ் நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்க அந்தப் பெரிய முகம் சிறுபிள்ளை முகமாக மாறியது. கையிலிருந்த பிரிண்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பையில் போட்டார். ஜாய்ஸின் தலையில் கை வைத்தார். கண்ணீர் தாராளமாக வழிந்தது, துடைக்கவில்லை.

"எனக்குப் புத்தி இல்லைம்மா. பயந்துட்டேன்."

"பரவால்லைப்பா."

"அந்த டாக்டரம்மாவை நேத்தே பார்த்திருந்தா..." என்று தொடங்கியவர் சட்டென்று நின்றார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது.

"என்னங்க?"

"காலையில அஞ்சரைக்கு... சம்பந்திக்கு மறைக்கக் கூடாதுன்னு..."

"என்ன பண்ணுனீங்க?"

அவர் போனை நீட்டினார். வாட்ஸப்பில் ரிப்போர்ட் பன்னிரண்டு பக்கமும் கிடந்தது. கீழே அவர் தட்டிய ஒரு வரி: 'தங்களுக்குத் தெரியப்படுத்துவது எனது கடமை.' பெறுநர், டேவிட்சனின் அம்மா அருள்ஜோதி. இரண்டு நீல டிக். பதில் இல்லை.

விண்ணரசிக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. அதற்குள் அந்தப் போனே அடித்தது. திரையில் 'சம்பந்தி அம்மா'.

குழந்தைராஜ் பின்வாங்கினார். விண்ணரசி கையை நீட்டினாள். ஜாய்ஸ் இருவரையும் முந்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, ஜாய்ஸ் பேசுறேன்."

வண்டிச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அருள்ஜோதியின் குரல், மூச்சு வாங்க: "நாங்க எல்லாரும் கார்ல வந்துக்கிட்டு இருக்கோம். திருவாரூர் தாண்டியாச்சு. ஓலை இன்னும் வாசிக்கலைதானே?"

"வாசிச்சாச்சு அத்தை."

"வாசிச்சுட்டாங்களா? ஐயோ!"

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

மணி ஒன்பது பதினைந்து. விண்ணரசிக்கு உள்ளங்கால் வரை பயம் இறங்கியது. ஆனால் காலையில் கரண்டியோடு நின்றபோது இருந்த பயம் இல்லை இது. இப்போது அவளுக்குப் போக ஓர் இடம் தெரியும்.

"நீங்க மெயின் ரோட்டுக்குப் போங்க" என்றாள் கணவரிடம். "அவங்க கார் வந்ததும் மறிங்க. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. நேரா டாக்டரம்மா வீட்டுக்கு அழைச்சிட்டு வாங்க. வழியில ஒரு வார்த்தை பேசாதீங்க. கடமை கிடமைன்னு வாயைத் திறந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அவங்க வர மாட்டேன்னு சொன்னா?"

"கால்ல விழுங்க! இந்தத் தடவை டாக்டர்தான் முதல்ல பேசணும். நாம அப்புறம் பேசிக்கலாம்."

குழந்தைராஜ் சைக்கிளில் பாய்ந்து ஏறினார். விண்ணரசி ஸ்கூட்டரில் உட்கார்ந்து பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பத்து மணிக்கு டாக்டரம்மா வீட்டைப் பூட்டிவிடுவார்.